மடியிற் கற்ற வாக்கியம்

பல்கலைக்கழகத்துக்கு வந்த இம்மூன்றாண்டுகளிற் கற்றவற்றுள் என் மனத்தை மிகவும் உறுத்தியது எதுவென எவரேனும் வினவின், போர்த்துக்கேய மொழி பேசும் சிறுவர் கலவை வாக்கியங்களை எவ்வாறு கைவரப் பெறுகின்றனர் என்னும் செய்தியே என்று விடை கூறுவேன். கேட்போருக்கு இது நகைப்பை விளைவிக்கலாம். போர்த்துக்கேயம் நான் பேசும் மொழியன்று. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, பாண் என நம் வீடுகளில் நாளாந்தம் வழங்கும் சில சொற்களுக்கு அப்பால் அம்மொழியோடு எனக்கு எவ்வித உறவும் இருந்ததில்லை. ஆயினும் என் அக்காவின் மகனுக்கு நான் இழைத்த தவறொன்றை எனக்கு உணர்த்தியது அம்மொழி பற்றிய படிப்பே. ஆதலின் அத்தவறினை முதலிற் கூறிவிடுகின்றேன்.

முதலாம் ஆண்டு விடுமுறையில் நான் வீடு சென்றிருந்தபோது அவன் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தான். "கம்பசிலை படிக்கிற நீ வீட்டிலை இருக்கேக்கை, நான் ஏன் ரியூசனுக்குக் காசு கட்டவேணும்?" என்றாள் அக்கா. அவ்வாறு நான் அவனுக்கு ஆசிரியையானேன். 'மழை நாள்' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதுமாறு கூறினேன். அவன் எழுதியவை யாவும் மூன்று சொல், நான்கு சொல் கொண்ட தனி வாக்கியங்கள். மழை பெய்தது. நான் பள்ளிக்கூடம் போகவில்லை. மழை நல்லது. இவற்றை இணைத்து எழுது என்றேன். இணைக்க முயன்ற இடமெல்லாம் 'எண்டு' என்றும் 'வந்திட்டுது' என்றும் எழுதினான். நான் சிவப்பு மையினால் வட்டமிட்டேன். ஒரு பக்கத்திற் பதினொரு வட்டங்கள். இறுதியிற் பொறுமையிழந்து, "உனக்குத் தமிழே வராது" என்று கூறிவிட்டேன்.

அவன் அழவில்லை. கொப்பியை மூடிவைத்துவிட்டு எழுந்து சென்றான். அன்று தொடக்கம் என் முன்னிலையில் 'ஓம்', 'இல்லை' என்னும் இரு சொற்களுக்கு மேற் பேசுவதை அவன் தவிர்த்துக்கொண்டான். ஆனால் அன்றிரவே, அடுத்த அறையில் தன் தங்கைக்கு அவன் கதை சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "அம்மா பேசுவா எண்டு பயந்து நான் ஒளிச்சிருந்த இடத்துக்குப் பூனையும் வந்திட்டுது" என்றான். தங்கை சிரித்தாள். என் காதில் விழுந்த அவ்வாக்கியம் அன்று என் கருத்திற் படவில்லை.

இரண்டாம் ஆண்டில் மொழியியலை ஒரு பாடமாக எடுத்தேன். குழந்தை மொழி பற்றி ஓர் ஒப்படை எழுத வேண்டியிருந்தது. பிற மொழியொன்றனைத் தேர்ந்தெடுக்குமாறு விரிவுரையாளர் கூறியபோது, எவரும் எடுக்காத மொழி என்பதற்காகவே போர்த்துக்கேயத்தைத் தேர்ந்தேன். அதற்கு மேலான காரணம் எதுவும் அப்போது என்னிடம் இருந்திலது.

எம்மொழிக் குழந்தையாயினும் ஏறத்தாழ ஒரு வயதிற் சொல் பேசத் தொடங்குகின்றது. அடுத்த சில மாதங்களில் இரு சொற்களை இணைக்கின்றது. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட வயதில் வியத்தகு மாற்றமொன்று நிகழ்கின்றது. ஒரு வாக்கியத்தை மற்றொரு வாக்கியத்தின் உறுப்பாக்கிப் பேசும் ஆற்றல் குழந்தைக்கு வாய்க்கின்றது. இதனையே நம் பாடநூல்கள் கலவை வாக்கியம் என்கின்றன. 'மழை பெய்யும் என்று நினைக்கின்றேன்' என்பதில் மழை பெய்யும் என்பது தனித்து நிற்கக்கூடிய ஒரு வாக்கியம். நினைக்கின்றேன் என்பதற்குள் அது அடங்கி நிற்கின்றது. தமிழில் உள்வாக்கியம் முன்னே வர, அதன் ஈற்றில் 'என்று' நின்று முடிச்சிடும். போர்த்துக்கேயத்திலோ 'கெ' என்னும் சிறு சொல் முதலில் வந்து வாயிலைத் திறக்க, உள்வாக்கியம் அதன் பின்னே வரும். வரிசை வேறாயினும் குழந்தை செய்யும் வேலை ஒன்றே.

போர்த்துக்கேய இலக்கணத்தில் நம்மவர் வியத்தற்குரிய கூறு ஒன்றுண்டு. நம் மொழியில் முற்றுவினை இடமும் எண்ணும் காட்டும். உண்டேன், உண்டோம், உண்டார்கள் என வரும். 'உண்ண' என்னும் எச்சமோ எவற்றையும் காட்டுவதில்லை. நான் உண்ண, நாம் உண்ண, அவர்கள் உண்ண என எழுவாயே மாறும், எச்சம் மாறாது. பெரும்பாலான ஐரோப்பிய மொழிகளிலும் இத்தகைய வினைவடிவம் விகுதி ஏற்பதில்லை. போர்த்துக்கேயத்தில் அது விகுதி ஏற்கும். 'கொமேர்' என்றால் உண்ண. 'பரா நோஸ் கொமேர்மொஸ்' என்றால் நாம் உண்பதற்கு. ஈற்றிலுள்ள 'மொஸ்' நாம் என்பதைக் காட்டும் விகுதி. எச்சமாய் நின்றுகொண்டே முற்றின் அடையாளத்தைத் தாங்கும் இவ்வடிவம் உலகில் மிகச் சில மொழிகளிலேயே உள்ளது.

இத்தகைய அரிய வடிவத்தைக் குழந்தைகள் காலந்தாழ்த்தியே கற்பர் என எண்ணத் தோன்றும். ஆனால் போர்த்துக்கல்லிற் பிறந்த குழந்தைகளின் இயல்பான பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்த ஆனா லூசியா சந்தோஸ், இனேஸ் துவார்த்தே முதலியோர் இதற்கு மாறானதையே கண்டனர். ஏறத்தாழ இரண்டு வயதிலேயே, 'நான் இதைச் செய்வதற்கு' என்றாற்போன்ற வாக்கியங்களில் அக்குழந்தைகள் இவ்வடிவத்தைக் கையாளுகின்றனர். எவரும் அவர்களுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்கவில்லை. தாயும் பாட்டியும் உணவு ஊட்டும்போதும் உடை உடுத்தும்போதும் பேசிய பேச்சே போதுமானதாயிற்று.

பிரேசிலில் நிகழ்வது வேறு. அதுவும் போர்த்துக்கேயம் பேசும் நாடே. எனினும் அங்கே அன்றாடப் பேச்சில் இவ்விகுதி பெரிதும் வழக்கொழிந்துவிட்டது. எழுத்திலும் செம்மை வழக்கிலுமே வாழ்கின்றது. பிரேசிலியச் சிறுவர்களைச் சோதித்த அக்ரிசியோ பீரெஸ், ஜேசன் ரொத்மன் ஆகிய ஆய்வாளர்கள், சிறு வயதினரிடம் இவ்வடிவம் பற்றிய அறிவு காணப்படவில்லை என்றும், ஏறத்தாழப் பத்து முதற் பன்னிரண்டு வயதளவில், அஃதாவது பள்ளியிற் சில ஆண்டுகள் பயின்ற பின்னரே அது தலைப்படுகின்றது என்றும் 2009 ஆம் ஆண்டளவில் எழுதினர். இதற்கு அரண் செய்யும் மற்றொரு சான்றும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய குடும்பங்களில் வளர்ந்து, போர்த்துக்கேயத்தை வீட்டில் மாத்திரம் கேட்டு, பள்ளியில் ஆங்கிலத்தில் மாத்திரம் பயின்றோரை அவ்விருவரும் ஆராய்ந்தனர். போர்த்துக்கல் வழிவந்தோரிடம் இவ்வடிவம் இருந்தது. பிரேசில் வழிவந்தோரிடம் இருக்கவில்லை. இருசாராரும் போர்த்துக்கேயப் பள்ளிக்குச் சென்றவரல்லர். ஒருசாரார்க்கு வீடே அதனைக் கொடுத்தது. மற்றைய சாரார்க்கு அது பள்ளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. பள்ளி இல்லையாகவே அதுவும் இல்லையாயிற்று.

இவ்விடத்தில் நான் படிப்பை நிறுத்திவிட்டு நெடுநேரம் யோசித்தது நினைவிருக்கின்றது. ஐந்து வயதுப் பிரேசிலியக் குழந்தையால் 'நாம் உண்பதற்கு அம்மா சமைத்தார்' என்று சொல்ல இயலாதா? இயலும். நன்றாகவே சொல்லும். 'நாம்' என்னும் பொருளில் அங்கே 'அ ஜென்ச்சி' என்னும் தொடர் வழங்குகின்றது. 'மக்கள்' என்பது அதன் பழம்பொருள். அது ஒருமை வினையையே கொள்ளும். ஆதலால் அதனோடு வரும் எச்சத்துக்கு விகுதி வேண்டியதில்லை. போர்த்துக்கல் குழந்தை விகுதியோடு சொல்லும் அதே கருத்தை, அதே உள்வாக்கிய அமைப்பில், விகுதியின்றிப் பிரேசில் குழந்தை சொல்லிவிடுகின்றது. வாக்கியத்துள் வாக்கியம் வைக்கும் ஆற்றலில் இரு குழந்தைகளுக்கும் வேறுபாடில்லை. வேறுபடுவது ஈற்றில் நிற்கும் ஓரசை மாத்திரமே. எனினும் பள்ளிக்கூடம் அவ்வோரசையைக் கொண்டே மாணவரை எடைபோடுகின்றது. 'நான் செய்வதற்கு' என்னுமிடத்தில் 'நான்' என்னும் எழுவாய் வடிவத்துக்குப் பதிலாக 'மின்' என்னும் வேற்றுமை வடிவத்தைப் பிரேசிலியர் பலர் பேச்சில் வழங்குவர். ஆசிரியர்கள் இதனை அறியாமையின் அடையாளமெனக் கண்டித்துத் திருத்துவர். பிழையென வட்டமிடப்படும் அத்தொடரும் ஒரு முழுமையான கலவை வாக்கியத்தின் உறுப்பே என்பதை எவர் அம்மாணவருக்குச் சொல்கின்றனர்?

பிரேசிலிய மொழியியலறிஞர் மேரி கட்டோ, எழுத்தறிவுடையோரின் இலக்கணம் பற்றி 2005 இல் எழுதிய கட்டுரையொன்றில், அந்நாட்டுப் பிள்ளை வீட்டிற் பெறும் இலக்கணத்துக்கும் பள்ளியிற் பெறும் இலக்கணத்துக்கும் இடையேயுள்ள தொலைவை ஆராய்ந்தார். அதனைப் பற்றி அறிந்தபோது, பிரேசிலைப் பற்றியன்றி நம் ஊரைப் பற்றியே படிக்கின்றேனோ என்று மயங்கினேன்.

தாமதங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. 'அம்மாவை அணைத்த சிறுமி', 'அம்மா அணைத்த சிறுமி' என்னும் இரண்டையும் நோக்குக. முன்னையதிற் சிறுமி அணைப்பவள்; பின்னையதில் அணைக்கப்படுபவள். போர்த்துக்கேயத்தில் இவற்றுக்கு நிகரான அமைப்புகளை ழுவாவ் கொஸ்தா, மரியா லோபோ, கரோலினா சில்வா ஆகியோர் சிறுவர்களிடம் சோதித்து 2011 இல் முடிவுகளை வெளியிட்டனர். முன்னைய வகையைச் சிறுவர் எளிதிற் கையாண்டனர்; பின்னைய வகையில் இடர்ப்பட்டனர். வேறு பல மொழிகளிலும் இத்தகைய வேற்றுமை காணப்பட்டுள்ளது. இத்தாமதம் அமைப்பின் கடினத்தால் வருவது. நாளடைவிற் பிள்ளை தானே அதனைக் கடந்துவிடும். எவரும் பதற வேண்டியதில்லை. பிரேசிலியச் சிறுவரின் விகுதித் தாமதமோ கேளாமையால் வருவது. கேட்கச் செய்தாலன்றி அது நீங்காது. இவ்விரண்டு தாமதத்துக்கும் சிவப்பு மை மருந்தாகாது. முன்னையதற்குக் காலமும், பின்னையதற்குச் செவிக்கு விருந்தாகும் வாசிப்பும் வேண்டும். ஆய்வாளர் மூவருள் ஒருவரான கொஸ்தா 2022 இல் போர்த்துக்கல்லின் கல்வியமைச்சரானார் என்று அறிந்தபோது, குழந்தையின் வாக்கியத்தை அளந்தறிந்த ஒருவர் கல்வியை ஆளும் இடத்துக்கு வருதல் நல்லதே என்று மனத்துள் எண்ணிக்கொண்டேன்.

போர்த்துக்கேயம் வேரூன்றிய மூன்றாவது இடமொன்று நமக்கு மிக அண்மையில் உள்ளது. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியதோடு இலங்கையிற் போர்த்துக்கேயர் ஆட்சி முடிவுற்றது. ஆயினும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியர் சமூகத்தினரிடையே அம்மொழியின் வழிவந்த பேச்சு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வந்துள்ளது. அதனை 1970களில் ஆராய்ந்த இயன் சிமித், அதன் வாக்கிய அமைப்பு தமிழை ஒத்து மாறியுள்ளமையைக் காட்டினார். வினை ஈற்றுக்குச் சென்றது. முன்னே நின்று வாயில் திறக்கும் 'கெ' நீங்கியது. அதற்குப் பதிலாக, பேசுதல் என்னும் பொருளுடைய 'ஃபலார்' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல்லொன்று உள்வாக்கியத்தின் ஈற்றிலே வந்து நின்றது. 'என்' என்னும் வினையிலிருந்து பிறந்த நமது 'என்று' செய்யும் பணியை அது செய்கின்றது. சொற்கள் லிஸ்பனிலிருந்து வந்தவை. அவற்றைக் கோத்த முறை மட்டக்களப்பு வாவிக்கரையில் அமைந்தது. நம் மொழி போர்த்துக்கேயத்திலிருந்து கதிரையையும் மேசையையும் கடன் வாங்கியது. போர்த்துக்கேயமோ நம்மிடமிருந்து வாக்கியம் முடிக்கும் முறையையே எடுத்துக்கொண்டது. இத்தகைய மாற்றத்தை எந்தப் பண்டிதரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. இருமொழியும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தம் வாயினாற் செய்தது அது.

அம்மொழியின் இன்றைய நிலை துயர் தருவது. அதனைப் பேசுவோருட் பெரும்பாலோர் முதியோர். பிள்ளைகள் தமிழையே முதன்மொழியாகக் கொண்டு வளர்கின்றனர். லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கார்டோசோவும் அவருடன் உழைத்தோரும் அப்பேச்சைப் பதிவுசெய்து ஆவணப்படுத்தியுள்ளனர். அது போற்றத்தக்க பணி. எனினும் ஒலிப்பதிவுகள் ஒரு குழந்தையை மடியில் வைத்துப் பேசுதற்கு ஈடாகமாட்டா. வீட்டுப் பேச்சாகவே நெடுங்காலம் நிலைத்த மொழி, வீட்டார் தம் பிள்ளைகளிடம் அதனைப் பேசுவதை நிறுத்தியபோது தளர்ந்துவிட்டது. 'உன் பேச்சு பேச்சன்று' என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வது எத்துணைப் பாரதூரமானது என்பதை இதனினும் தெளிவாக எனக்கு உணர்த்த வேறொன்றில்லை.

ஒப்படையை எழுதி முடித்த இரவிலேதான், ஓராண்டுக்கு முன் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட வாக்கியம் எனக்கு நினைவு வந்தது. தாளொன்றில் அதனை எழுதிப் பகுத்துப் பார்த்தேன். 'அம்மா பேசுவா எண்டு' என்பது பயந்து என்பதற்குள் அடங்கிய உள்வாக்கியம். 'பயந்து' என்பது ஒளித்திருத்தலுக்குக் காரணங்காட்டும் வினையெச்சம். இவையனைத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்ட 'ஒளிச்சிருந்த' என்னும் பெயரெச்சம் 'இடம்' என்பதைத் தழுவுகின்றது. அவ்விடமோ பூனை வந்த செயலின் ஓருறுப்பு. வாக்கியத்துள் வாக்கியமாக மூன்றடுக்குகள். 'பூனையும்' என்பதிலுள்ள உம்மையோ, தன்னைப் போலவே பூனையும் ஒளிக்க வந்தது என்று சொல்லாமற் சொல்லும் எச்சவும்மை. பத்து வயது நிரம்பாத பிள்ளை, விளக்கணைந்த அறையில், ஒரு மூச்சில் இதனைக் கட்டினான். அவனுக்குத்தான் தமிழே வராது என்று நான் சொல்லியிருந்தேன்.

அவனிடம் இல்லாதிருந்தவை எவை? 'என்று' என்பதும் 'வந்துவிட்டது' என்பதும் போன்ற எழுத்து வழக்கின் வடிவங்கள் மாத்திரமே. அவை அவன் செவியில் அதிகம் விழுந்ததில்லை. அக்காவின் வீட்டிற் பஞ்சாங்கமும் பாடநூல்களும் தவிர வேறு நூல் இருந்ததில்லை. நானோ அப்பா நாள்தோறும் பத்திரிகையை உரத்து வாசிக்கக் கேட்டு வளர்ந்தவள். அக்கா திருமணமாகிச் சென்ற பின் அவ்வீட்டில் அவ்வழக்கம் இருக்கவில்லை. நான் கேட்டுப் பெற்றதை என் திறமை என்றும், அவன் கேளாது பெறாததை அவன் குறை என்றும் கருதிவிட்டேன்.

எழுத்துத் தமிழைக் கைவிடுவோம் என்பது என் கருத்தன்று. அங்ஙனம் கூறுபவள் இக்கட்டுரையை இந்நடையில் எழுதமாட்டாள். யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பினரும் மலையகத்தவரும் தமிழகத்தாரும் ஒருவரையொருவர் வாசித்தறிய உதவுவது அதுவே; பழைய இலக்கியங்களுக்கு நம்மை இட்டுச் செல்வதும் அதுவே. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கிடைக்கவேண்டும். ஆனால் அதனைக் கொடுப்பவர், வெறுமையான பாத்திரத்தில் வார்ப்பதாக எண்ணுதல் கூடாது. பிள்ளை ஏற்கனவே கட்டி முடித்த வீட்டுக்கு இன்னுமொரு வாயில் அமைத்துக் கொடுக்கின்றோம் என்றே எண்ணவேண்டும். நம்மிற் பலர் நாளை ஆசிரியராகச் செல்லவிருப்பவர்கள். மொழியியலை நாம் பரீட்சைக்காக மாத்திரம் படிப்போமாயின், சிவப்புப் பேனாக்கள் மேலும் சில பெருகுவதன்றி வேறு பயன் விளையாது.

அவன் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. அதற்கு என் சொல் எவ்வளவு காரணம் என்பதை அளந்து கூற என்னால் இயலாது. கடந்த விடுமுறையில் நான் சென்றபோது அவன் ஆறாம் ஆண்டில் இருந்தான். கதைப்புத்தகங்கள் சில வாங்கிச் சென்றேன். இரவுகளில் அவனுக்கும் தங்கைக்கும் உரத்து வாசித்தேன். முதல் மூன்று நாள்கள் அவன் வாசற்படியிலேயே இருந்து கேட்டான். நான்காம் நாள், "தம்பி, அந்தப் பூனைக் கதையை எனக்கும் ஒருக்காச் சொல்லு" என்று கேட்டேன். நெடுநேரம் தயங்கிப் பின் சொன்னான். அவன் சொன்னதைச் சொன்னவாறே கொப்பியில் எழுதினேன். எட்டிப் பார்த்தவன், "சித்தி, நான் சொன்னதையோ எழுதிறியள்?" என்றான்.

அதன் கீழ் மற்றொரு வரியை எழுதினேன். அம்மா ஏசுவார் என்று பயந்து நான் ஒளிந்திருந்த இடத்துக்குப் பூனையும் வந்துவிட்டது. இரு வரிகளையும் ஒப்பிட்டு எத்தனை சொற்கள் மாறியுள்ளன என்று எண்ணச் சொன்னேன். ஒன்பது சொற்களுள் நான்கு என்றான். ஒழுங்கு மாறியிருக்கின்றதா என்று கேட்டேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இல்லை, எல்லாம் நான் சொன்னமாதிரித்தான் நிக்குது" என்றான். பின்னர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, மழை நாளைப் பற்றி எழுதத் தொடங்கினான்.